‘கேஷ்’ என்னும் ஆங்கிலச் சொல் நம் ‘காசு’தானா?

மாட்டுங்காவாசி:

அன்பர்களுக்கு வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை மும்பையின் செம்பூரில் உறவினர் வீட்டில் கூடியிருந்தபோது, பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல் நம்முடைய ‘காசு’ என்பதிலிருந்து போனது என்று, சிறுவயது முதல் கேட்டுவந்ததை அப்படியே சொன்னேன். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் உடனே மறுத்து, அது பிரெஞ்சுச் சொல் என்று தன் ஆங்கில ஆசிரியை வகுப்பில் விளக்கியதாகக் கூறினாள். வீடு திரும்பி ஆங்கில அகராதியைப் புரட்டியபோது குழப்பம் கூடியது. ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு தனிப் பதிவுகள் உள்ளன. முதலாவதற்குப் பிரெஞ்சு மூலமும் இரண்டாவதற்குத் தமிழ் மூலமும் காட்டப்பட்டிருக்கின்றன. மகளிடம் தவறான ஒன்றைத் தமிழின் பெயரால் சொல்லிவிட்டேனோ என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

முலுண்டு சொல்லாய்வன்:

ஐயா, அகராதி சொல்வதே சரி. அவை உருவத்தால் ஒன்றாகிவிட்ட இரண்டு வேறு சொற்கள். கடையிலும் வங்கியிலும் நாம் சொல்லும் ‘கேஷ்’, அதாவது ரொக்கப் பணம், இலத்தீனில் பெட்டியைக் குறித்த ‘காப்ஸா’ என்பதில் தொடங்கி, இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’ என்றாகி, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது அதன் பொருள் பணம் வைக்கும் பெட்டி என்பதே. பெட்டியில் இருந்த பணத்துக்கும் அப்பெயர் பரவி, 18ஆம் நூற்றாண்டு வாக்கில் பெட்டி என்ற பொருள் வழக்கொழிந்து, பணம் மட்டும் நிலைத்தது.

இங்கே தீர்ப்பளிப்பது பெட்டி என்ற அந்தப் பொருள்தான். நம் ‘காசு’ ஒருபோதும் பெட்டியைக் குறித்ததில்லை. பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் இச்சொல் இன்றும் பெட்டியையும் பணம் செலுத்துமிடத்தையும் குறிக்கிறது. ஜெர்மானியரும் பணம் செலுத்துமிடத்தைக் ‘காஸே’ என்கிறார்கள். நாம் பாட்டுக் கேட்ட கேசட்டும் விழுங்கும் கேப்சூலும்கூட அதே வேரில் பிறந்தவைதான். இரண்டுக்கும் ‘சிறு பெட்டி’ என்பதே மூலப்பொருள். ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு கொண்டாடுவது தமிழுக்குப் பெருமை சேர்க்காது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் மகளின் ஆசிரியை சொன்னது சரியே.

தாராவிக் கடைக்காரர்:

முலுண்டு அன்பர் சொன்ன பொருள் மாற்றம் வியப்புக்குரியதன்று. நம் கடைகளிலேயே அது நடந்திருக்கிறது. நாங்கள் மூன்று தலைமுறையாகத் தாராவியில் மளிகைக் கடை நடத்துகிறோம். பணம் போடும் பெட்டியைத் தமிழில் கல்லாப்பெட்டி என்கிறோம். பக்கத்துக் கடை மராத்திக்காரரும் எதிர்க்கடை குஜராத்திக்காரரும் அதையே ‘கல்லா’ என்கிறார்கள். இரவு கடை அடைக்கும்போது என் தந்தையார் “இன்றைக்குக் கல்லா எவ்வளவு?” என்று கேட்பார். அவர் கேட்பது பெட்டியின் அளவை அன்று, அன்றைய வசூலைத்தான். ஊரில் ‘நன்றாகக் கல்லா கட்டிவிட்டான்’ என்று சொன்னாலும் பணம் சேர்த்தான் என்பதே பொருள். பெட்டியின் பெயர் பணத்துக்கு ஆகிவருவது நமக்கும் பழக்கமான வழிதான்.

மற்றொன்று: இங்குள்ள வங்கிகளில் பணம் பெறுமிடத்தில் மராத்தியில் ‘ரோக்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் ‘ரொக்க’த்துக்கும் வட கர்நாடக மக்கள் பணத்துக்குச் சொல்லும் ‘ரொக்க’ என்பதற்கும் அது உறவு.

வசை நாணயச் சேகரிப்பாளர்:

முதல் சொல்லைப் பற்றிச் சொல்லப்பட்டவை அனைத்தும் சரி. ஆனால் இரண்டாவது பதிவை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் நம் காசின் உண்மையான பயணம் அங்கேதான் இருக்கிறது.

குறுந்தொகையின் 67ஆம் பாடலில், கிளி தன் வளைந்த அலகில் பற்றிய வேப்பம்பழம், பொற்கொல்லன் புது நூலில் கோப்பதற்காகக் கூர்மையான நகத்தால் பிடித்திருக்கும் பொற்காசைப் போல் இருக்கிறது என்று வருகிறது. இன்றும் நம் பெண்கள் அணியும் காசுமாலையை நினைத்தால் அந்த உவமை கண்முன் நிற்கும். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் திருவீழிமிழலையில் “வாசி தீரவே காசு நல்குவீர்” என்று பாடும்போது, மாற்றும்போது வட்டம், அதாவது கழிவு, பிடிக்காத நல்ல நாணயத்தைக் கேட்கிறார். ஆகவே போர்த்துகீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இது நாணயத்தின் பெயராக ஊன்றியிருந்தது.

சாவியையும் அலமாரியையும் ஜன்னலையும் நமக்கும், பாவ் ரொட்டியை இந்த நகரத்துக்கும் தந்த போர்த்துகீசியர், நம்மிடமிருந்து காசைப் பெற்றுக்கொண்டபோது ஒரு விந்தை நிகழ்ந்தது. அவர்கள் மொழியில் பெட்டிக்கு ‘காய்ஷா’ என்று பெயர். அதுவும் மேலே சொன்ன இலத்தீன் ‘காப்ஸா’வின் வழிவந்ததே. ஒலி அருகில் இருந்ததால் தமிழ்க் காசையும் ‘காய்ஷா’ என்றே வழங்கினார்கள். அவர்களிடமிருந்து அதைப் பெற்ற ஆங்கிலேயரின் நாவில் அது ‘கேஷ்’ ஆகி, பெட்டியிலிருந்து வந்த ‘கேஷ்’ என்ற சொல்லோடு உருவத்தில் கலந்துவிட்டது.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் வராகன் என்ற ஒரு பொன் நாணயம். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818இல் ரூபாய் அடிப்படை நாணயமாகும்வரை இந்தக் கணக்கே நடந்தது. 1803இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் சென்னை மாகாணத்துக்காக அச்சிடப்பட்ட செப்பு நாணயங்களில் ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்றும், பாரசீக எழுத்தில் ‘காஸ்’ என்றும் பொறித்திருக்கிறார்கள். அத்தகைய 10 காசு, 20 காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்து மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. ஏறத்தாழ 175 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் காசுகள் கடலுக்கடியிலிருந்து பெருமளவில் எடுக்கப்பட்டன. அவற்றில் ஒன்று என்னிடம் உள்ளது. நம் சொல்லை ஆங்கில எழுத்தில் அதன்மேல் வாசிக்கும்போது ஒவ்வொரு முறையும் நெஞ்சம் நெகிழ்கிறது.

மாட்டுங்காவாசி:

மூவருக்கும் என் நன்றி. அனைத்தையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு ஓர் ஐயம்: நடுவில் சதுரத் துளையுள்ள பழைய சீன நாணயங்களையும் ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்கிறார்களே, அது எந்தச் சொல்?

வசை நாணயச் சேகரிப்பாளர்:

நல்ல கேள்வி, அது நம்முடைய சொல்தான். சீனர் அந்த நாணயத்துக்கு வழங்கிய பெயர் வேறு. சிறுமதிப்புள்ள ஆசிய நாணயங்களுக்கெல்லாம் போர்த்துகீசியரும் ஆங்கிலேயரும் இந்தத் தமிழ்ப் பெயரையே பொதுவாக்கியதால் அது சீனம் வரை சென்றது. அந்தத் துளை நூலில் கோப்பதற்காக. ஆயிரம் நாணயங்களை ஒரு சரமாகக் கட்டி எண்ணுவார்கள். குறுந்தொகைப் பொற்கொல்லன் நூலில் கோத்த காசையும் உங்கள் மகளுக்கு அப்போது நினைவூட்டுங்கள்.