0412 எந்த நாள் படம்?

கோண்டாவில் தம்பி:
கணினியில் கோப்புப் பட்டியல் எடுக்கப் போய் மாட்டுப்பட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கிறதா? என்னுடையது இது. நல்லூர்க் கோயில் திருவிழா முடிந்து நாலு மாதம், இன்னும் மனம் ஆறவில்லை. 25 நாள் படமும் நாளுக்கொரு ஃபோல்டராக என் லினக்ஸ் மடிக்கணினியில் இருந்தது. கமெரா 9999க்குப் பிறகு திரும்ப 0001 என்று தொடங்கும், தெரிந்ததுதானே; அதனால் ஒரே எண் இரண்டு ஃபோல்டரில் இருந்தது. ஒரு பெரியவர் வந்து பார்த்து, 24ஆம் நாள் தேர்ப் பக்கத்துக்கு 0412 போடச் சொன்னார். நான் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைக்கு, உள் ஃபோல்டர்களும் வரப் பெரிய ஆர் கொடுத்து, வேண்டிய வரிகளைப் பொறுக்கும் கிரெப்பால் படப் பெயர்களை மட்டும் வடித்து, அந்தப் பட்டியலில் குறித்து அல்பம் அடிக்கிற கடைக்குப் பென்ரைவோடு கொடுத்துவிட்டேன். அவர்கள் கண்ட முதல் 0412ஐப் போட்டார்கள். பெரியவர் அல்பத்தை விரித்தார். "தம்பி, 24ஆம் நாள் எங்கேயடா மஞ்சம் வந்தது?" அது 10ஆம் நாள் மஞ்சத் திருவிழாப் படம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அதுதான் மறக்க முடியாமல் கிடக்கிறது.

சுன்னாகம் அண்ணை:
எல்எஸ்ஸில் பிழையில்லை. பெரிய ஆர் போட்டால் ஃபோல்டர் பெயரைத் தலைப்பாக வைத்துத்தான் தரும்; கிரெப் போட்டுத் தலைப்பை வெட்டினது நீ. கோப்பைப் பாதையோடு தேடித் தரும் ஃபைண்ட் கட்டளையைப் பாவித்திருக்க வேண்டும். அதற்கும், இந்த ஃபோல்டர் என்று சொல்ல வெறும் புள்ளி கொடுத்தால் புள்ளியில் தொடங்கும் பாதைதான் வரும். புள்ளிக்குப் பதிலாக, நிற்கிற ஃபோல்டரின் முழுப் பாதையை வைத்திருக்கும் டாலர் பிடபிள்யூடி கொடு, முழுப் பாதை வரும். மேற்கோள் குறிக்குள் போடு, இல்லாவிட்டால் ஃபோல்டர் பெயரில் இடைவெளி வருகிற இடத்தில் உடைந்துவிடும். ஒரே ஃபோல்டர் என்றால், முழுப் பாதை சொல்லும் ரியல்பாத் கட்டளையும் எல்லாக் கோப்பையும் குறிக்கும் நட்சத்திரமும் போதும். ஆனால் சிம்லிங்க், அதாவது வேறு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி, இருந்தால் ரியல்பாத் அந்த அசல் கோப்பின் பாதையைச் சொல்லும். வேண்டாமென்றால் சின்ன எஸ் சேர். என் அனுபவமா? குறுக்குவழிகளை அழிக்க நினைத்து, அந்த எஸ் போடாத பட்டியலை வைத்து அழித்தேன். போனது அசல்.

மானிப்பாய் அக்கா:
தம்பி கேட்டது அனுபவம், அண்ணை வகுப்பே எடுத்துவிட்டார். விண்டோஸில் இந்தப் பாடு இல்லை. அங்கே கோப்புகளைப் பட்டியலிடும் டிர் கட்டளைக்கு எஸ், பி இரண்டும் கொடுத்தால் முழுப் பாதை தானாக வரும். பழைய பள்ளி மலர்களை ஸ்கேன் செய்து, அப்படித்தான் பட்டியலைக் கோப்பில் இறக்கினேன். திறந்தால், 'மலர்' என்ற ஃபோல்டர் எல்லாம் நாலு கேள்விக்குறி. மூன்று எழுத்துக்கு மூன்று, ர்-இன் புள்ளிக்கு ஒன்று! தமிழ் எழுத்தும் வர, முதலில் எழுத்துக் குறியீட்டை மாற்றும் சிஎச்சிபி 65001 கட்டளையை அடித்துவிட்டுச் செய்ய வேண்டுமாம். இரவு பதினொரு மணிக்குத்தான் தெரிந்தது.

கோண்டாவில் தம்பி:
ஓம் அண்ணை, கிரெப் போட்டது நான்தான். அல்பத்தை மாற்றித் தருகிறேன் என்றேன், பெரியவர் தரமாட்டாராம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறார்.