பஸ் ஸ்டாப் சுவரில் ஓவியம்: பெயிண்ட் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். நவம்பர் 25, பெண்கள் மீதான வன்முறை ஒழிப்பு நாள். அதற்குள் கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப் சுவரில் ஓர் ஓவியம் வரையப் போகிறோம். அடிபட்ட முகம் வேண்டாம் என்று கொழுந்து பறிக்கும் அக்காக்கள் சொல்லிவிட்டார்கள். தினமும் அதைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாதாம். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தேயிலைக்கு நடுவே நான்கு பெண்கள், ஒருத்தி பேச மற்றவர்கள் கேட்கிறார்கள். பக்கத்தில் 181 என்ற உதவி எண், பஸ்ஸிலிருந்தே தெரியும்படி பெரிதாக.

சிக்கல் சுவர்தான். பாசி பிடித்து ஈரம் ஊறிக் கிடக்கிறது, வடகிழக்குப் பருவமழை வேறு. பாசியைச் சுரண்டிய பிறகு என்ன பிரைமர் அடிக்கலாம்? எந்தப் பெயிண்ட் உரியாமல் நிற்கும்? அப்புறம், படுக மொழியில் ஒரு வரி எழுதித் தர யாராவது முன்வந்தால் மிகவும் மகிழ்வோம்.