தினமும் சாம்பல் நிறச் சட்டை: காரணத்தைச் சொல்லிவிடலாமா?

கேள்வி:
எனக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க வராது, பிறவியிலேயே அப்படி. பழுப்பு என்று நினைத்துப் பச்சையைப் போடுவேன், நீலம் என்று ஊதாவை எடுப்பேன். அதனால் அலுவலகத்துக்குச் சாம்பல் நிறச் சட்டை, கறுப்பு பேண்ட் என்று வைத்துக்கொண்டேன். எதை எடுத்தாலும் பொருந்தும். காலையில் யாரையும் எழுப்பிக் கேட்க வேண்டாம்.

இதற்கு ஆளாளுக்கு ஒரு பொழிப்புரை. பக்கத்து மேசைக்காரர் "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று தணிந்த குரலில் விசாரித்தார். இன்னொருவர் கஞ்சன் என்கிறார். புதிதாகச் சேர்ந்த பையன் "ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸ் மாதிரி தினமும் ஒரே உடையா சார்?" என்றான் (மறுக்க மனம் வரவில்லை). மேலாளர் சொன்னதுதான் உறுத்துகிறது. ஆண்டு மதிப்பீட்டின்போது "தோற்றத்தில் கொஞ்சம் உற்சாகம் காட்டுங்கள்" என்றார். நான் கணக்குச் சரிபார்க்கிறவன். சட்டை உற்சாகமாக இருந்தால் கூட்டல் மாறிவிடுமா? விஷயத்தைச் சொல்லிவிடலாமா?

பதில் 1:
மேலாளரிடம் சொல்லுங்கள், ஆனால் உடனே மாறிவிடுவார் என்று நம்பாதீர்கள். 2020இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஒரே முகத்தின் படங்கள், மேலே தெரியும் உடை மட்டும் வேறு; பார்த்தவர்கள் மதிப்பெண் போட வேண்டும். கொஞ்சம் பணக்காரத்தனமாகத் தெரிந்த உடைக்குத்தான் 'திறமைசாலி' என்று அதிக மதிப்பெண். உடையைக் கண்டுகொள்ளாதீர்கள் என்று சொல்லியும், சரியாகச் செய்தால் பணம் தருகிறோம் என்று சொல்லியும் அந்த வேறுபாடு மறையவில்லை.

பதில் 2:
ஆணாக இருந்தும் உங்கள் சட்டையைக் கவனிக்கிறார்களே, அதுவே எனக்கு வியப்பு! ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கார்ல் ஸ்டெஃபனோவிக் ஓராண்டு முழுக்க ஒரே நீலக் கோட்டோடு திரையில் வந்தார். 2014இல் அவரே வெளியே சொல்லும்வரை பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. கூட உட்கார்ந்திருந்த பெண் தொகுப்பாளரின் உடைக்கோ ஓயாத விமர்சனம். அதைக் காட்டத்தான் அவர் அப்படிச் செய்தார். நான் ஒரே சுடிதாரை ஒரு வாரத்தில் இரண்டு தடவை போட்டால் மதியத்துக்குள் கேட்டுவிடுவார்கள்.

பதில் 3:
நானும் உங்கள் கட்சிதான், எனக்கும் சிவப்பு, பச்சை பிரித்துப் பார்க்க வராது. வேறு நிறமும் வேண்டுமென்றால், நிறம் பார்த்துச் சொல்ல ஒருவரைக் கூட்டிப்போய்ச் சட்டை வாங்கி, காலருக்கு உள்ளே அடையாளத் தையல் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தையல் என்றால் அந்தச் சட்டைக்குக் கறுப்பு பேண்ட், இரண்டு என்றால் காக்கி. அப்புறம், விஷயத்தைச் சொன்னால் அன்று வேலை ஓடாது. பேனா மூடி, கோப்பு அட்டை, தண்ணீர் பாட்டில் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கிக் காட்டி "இது என்ன நிறம்?" என்று கேட்பார்கள். வெள்ளிக்கிழமை மாலையாகப் பார்த்துச் சொல்லுங்கள்.