எறும்பு, ஈசல், தட்டான்: மழைக்குறி பார்ப்பவர்கள் பகிருங்கள்

“எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை” என்பதைப் பார்க்கத் தெரிந்து பார்க்கணும். வாயில் குருணை மாதிரி வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் புழுவும் கூட்டுப்புழுவும்தான். முட்டை அதைவிடப் பொடிசு. எறும்புச் சாரை வாய்க்கால் ஓரத்திலிருந்து வரப்பு மேட்டுக்கோ, தரையிலிருந்து சுவர் வெடிப்புக்கோ ஏறணும். ஒரு புற்று மட்டும் கிளம்பினால் விட்டுவிடுங்கள். நாலைந்து புற்று ஒரே பொழுதில் கிளம்பினால்தான் கணக்கு. அன்றைக்குத் தண்ணீர் பாய்ச்சியிருந்தாலோ, மண்வெட்டி பட்டிருந்தாலோ, எறும்புப் பொடி தூவியிருந்தாலோ செல்லாது.

*

இன்னொரு ஏமாற்றும் உண்டு. புற்று வாசலில் செத்த எறும்பு சிதறிக் கிடந்து, புழுவைத் தூக்கிப் போவது வேறு நிற எறும்பாக இருந்தால் அது குடிபெயர்வு இல்லை, கொள்ளை. மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

*

ஈசலை முதல் மழைக்குக் குறியாக வைக்காதீர்கள். மண் நனைந்து இளகி, காற்று அடங்கிப் புழுக்கமாக இருக்கும்போதுதான் கறையான் புற்றிலிருந்து அது கிளம்பும். அதாவது ஏற்கெனவே ஒரு மழை பெய்திருக்கும். “அந்தி ஈசல் பூத்தால் அடைமழை” என்றால், பிடித்த மழை இன்னும் விடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். விடிந்ததும் திண்ணையில் இறகு குவிந்து கிடப்பதை மட்டும் பார்த்துச் சொல்வது விளக்கு வெளிச்சத்தின் கணக்கு; பக்கத்துப் புற்றுகளிலிருந்தும் கிளம்பியதா என்று பார்க்கணும்.

*

“தட்டான் தாழப் பறந்தால் மழை” என்பதில்தான் அதிகம் தவறுகிறார்கள். கொசுவும் பொடிப்பூச்சியும் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அது பறக்கும். டிராக்டர் உழுதாலும், புல் அறுத்தாலும் பூச்சி கிளம்பும், பின்னாலேயே தட்டான் தாழ வரும். ஆள் நடமாட்டமில்லாத தரிசில் பாருங்கள். ஐப்பசிக்கு முன்னால் கூட்டமாக வரும் மஞ்சள் தட்டான் தனிக் கதை. தேங்கிய மழைத் தண்ணீரில் முட்டையிட்டு, சுமார் 6 வாரத்திலேயே குஞ்சு தட்டானாகிவிடும் இனம் அது. மழைக்காற்றோடு கடல் தாண்டிப் போகிறது. அக்டோபர் வாக்கில் மாலத்தீவில் கூட்டமாக இறங்குகிறது. அது வந்தால் பருவம் நெருங்குகிறது என்று சொல்லலாம், நாளைக்கு மழை என்று சொல்ல முடியாது.

*

தவளையைப் பற்றிப் பேச அதிகமில்லை. ஈரம் பட்டாலே கத்தும்.

*

களத்தில் நெல் காயப்போட்டிருப்பவர்களுக்கு: எறும்பும் தட்டானும் சேர்ந்து காட்டினால் அந்தியிலேயே குவித்துத் தார்ப்பாய் போடுங்கள். நடுவில் உயரமாக, ஓரம் சரிவாகக் குவிக்கணும். சுற்றி ஒரு சாண் தள்ளி வடிகால் கீறணும். தரையோடு ஊறும் தண்ணீர்தான் அடி நெல்லை நனைக்கிறது. கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதம் என்பது வரம்பு, ஒரு நனைப்பிலேயே தாண்டிவிடும். வெயில் வந்ததும் தார்ப்பாயை எடுத்துவிடுங்கள், மூடியே கிடந்தால் உள்ளே வியர்த்து முளை கட்டும்.