ஹச்சிகோ ரயில் நிலையத்துக்கு வந்தது சாப்பாட்டுக்காகவா?

கேள்வி: தன்னை வளர்த்த பேராசிரியர் உவேனோ 1925ல் இறந்த பிறகும் டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் ஹச்சிகோ என்ற நாய் அவருக்காக 1935 வரை காத்திருந்தது என்கிறோம். இல்லை, யாகிடோரி (குச்சியில் கோத்துச் சுட்ட கோழிக்கறி) கடைக்காரர்கள் போட்ட கறிக்காகத்தான் வந்தது, வயிற்றில் குச்சிகள்கூட இருந்தன என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

பதில் 1: குச்சிகள் இருந்தது உண்மைதான். ஆனால் 1932ல் செய்தித்தாளில் அதைப் பற்றி எழுதும்வரை அங்கே பலர் அதை விரட்டி அடித்தார்கள், உவேனோவின் தோட்டக்காரர் வீட்டில் சோறு கிடைத்தும் அது ஏன் அந்த நிலையத்துக்கே போக வேண்டும்? எனக்கு இது பாசம்தான்.

பதில் 2: சரியாகச் சொன்னீர்கள். அப்புறம், குச்சியால் அது சாகவில்லை. பாதுகாத்து வைத்திருந்த உறுப்புகளை ஆராய்ந்து, புற்றுநோயும் இதயப்புழுவும் இருந்ததை 2011ல் சொன்னார்கள். அவ்வளவு நோயோடும் வந்திருக்கிறதே, பாவம்!

பதில் 3: டோக்கியோ பல்கலைக்கழகத்தில் 2015ல் வைத்த சிலையைப் பாருங்கள், ஹச்சிகோ உவேனோமேல் தாவி நிற்கும். ஷிபுயா சிலையைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.