சிங்க் அடியில் சொட்டுகிறது, நானே சரிசெய்யலாமா?

கேள்வி: சிங்க் அடியில் வாளி வைத்தே ஒரு வாரம் ஓட்டிவிட்டேன். சும்மா குழாயைத் திறந்தால் ஒன்றுமில்லை, நிறைந்த தண்ணீரை மொத்தமாக விட்டால்தான் வளைகுழாய் இணைப்பில் ஒழுகுகிறது. டெஃப்ளான் டேப் சுற்றியும் பயனில்லை. பிளம்பரைக் கூப்பிடணுமா?

பதில்: வேண்டாம். அங்கே தண்ணீரைத் தடுப்பது மரை இல்லை, உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர்தான், அதனால் டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் வீண். நட்டைக் கையாலேயே கழற்றி வாஷரைப் பாருங்கள், இறுகி வெடித்திருக்கும். பழையதைக் கடைக்கே எடுத்துப் போங்கள், 32 மி.மீ., 40 மி.மீ. என்று அளவு மாறும். கூம்பிய பக்கம் இணைப்புக்குள் போகவேண்டும். அப்புறம் கையால் இறுக்கினால் போதும், ஸ்பேனர் போட்டுப் பலம் காட்டினால் பிளாஸ்டிக் நட் விரிசல் விடும் (உடைத்தவன் சொல்கிறேன்).

பதில்: கஞ்சி வடிக்கிறீர்களா? கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிவிசி இளகிவிடும். கூடவே பச்சைத் தண்ணீரையும் திறந்து விடுங்கள்.

கேட்டவர்: வாஷர்தான், பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது! மாற்றிவிட்டு, சிங்க்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்து, இணைப்பில் காகிதம் சுற்றிப் பார்த்தேன், நனையவில்லை. கஞ்சி விஷயத்தை மட்டும் அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.