15,000 ரூபாய்க்குள் டெக்னோ இசை கேட்க எந்த ஸ்பீக்கர்?

கேள்வி:
10க்கு 12 அடி அறை. டெக்னோ, டிரம் அண்ட் பேஸ்தான் அதிகம் கேட்பேன். 4 அங்குல ஊஃபர் (பேஸ் தரும் கூம்பு) உள்ள ஸ்பீக்கர் ஜோடியா, ஆழமான பேஸுக்கென்றே தனிப் பெட்டியான சப்ஊஃபரோடு வரும் 2.1 செட்டா? கீழ்வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள்.

பதில்:
2.1 எடுங்கள். 4 அங்குலம் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெலிந்துவிடும். உங்கள் இசையில் சப்-பேஸ், அதாவது மிக ஆழமான பேஸ், 40 வரை இறங்கும்.

பதில்:
எனக்கு வேறு கருத்து. மலிவான 2.1 செட்டுகள் பலவற்றில் எல்லா நோட்டும் ஒரே 'தும்' ஆகிவிடும். டெக்னோவில் கிக் (பெரிய டிரம்மின் அடி) நறுக்கென்று விழுந்து நிற்க வேண்டும், அதன் அடியில் பேஸ்லைன் நகர்வது காதில் விழ வேண்டும். சப் அவுட் (சப்ஊஃபரை இணைக்கும் துளை) உள்ள ஜோடியாக வாங்குங்கள். எடிஃபையர் ஆர்1280டிபிஎஸ்ஸில் (R1280DBs) உண்டு, ஆர்1280டியில் (R1280T) கிடையாது. பெயரைக் கவனமாகப் படியுங்கள். சப்பைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் அறை. 10 அடி இடைவெளியுள்ள சுவர்களுக்கிடையே 56 ஹெர்ட்ஸ் அருகே ஒலி தேங்கும். சரியாக நடுவில் உட்கார்ந்தால் அதே பேஸ் காணாமல் போகும். வாங்கும் முன் நாற்காலியை நகர்த்திப் பாருங்கள்.

கேட்டவர்:
பழைய ஸ்பீக்கரிலேயே பின்சுவர் பக்கம் நகர்ந்து கேட்டேன். கிக் நன்றாகவே கூடுகிறது! சரி, சப் வந்தால் எங்கே வைப்பது?

பதில்:
முதலில் சப்பை உங்கள் நாற்காலியில் வைத்துப் பாட விடுங்கள். நீங்கள் தரையோடு தவழ்ந்து சுவரோரமாகக் கேளுங்கள். பேஸ் சீராகக் கேட்கும் இடம்தான் அதற்கு இடம். அடியில் தடிமனான ஃபோம் போடுங்கள், தரைக்குப் போகும் அதிர்வு குறையும். இரவு பத்துக்கு மேல் சப்பை அணைத்துவிடுங்கள். காற்றில் போகும் பேஸை ஃபோம் தடுக்காது.